காற்றிலும் ஒரு கியூ: ஆபீசுக்கு வயர்லெஸ் வாங்கும் கதை

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு நாளாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு கியூ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் நோக்கி கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றது ராயபுரம், திருவொற்றியூர், மணலி, சடையங்குப்பம் பக்கத்து ஜனங்கள் பல வருடங்களாகப் பார்த்த காட்சி. சாலை அகலமாகத்தான் இருக்கும். வண்டிகளும் நல்ல வண்டிகள்தான். ஆனாலும் நகராது. ஏனென்றால் பிரச்சினை சாலையில் இல்லை, கேட்டில் இருக்கிறது. ஒரு நேரத்தில் எத்தனை வண்டி உள்ளே போக முடியும் என்பதுதான் அங்கே கணக்கு.

இதற்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய சம்பந்தம் உண்டு. 2010 ஜூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்று ஐஃபோன் 4ஐ அறிமுகம் செய்துகொண்டிருந்தார். உலகமே பார்க்கிறது. ஆனால் அவர் கையில் இருந்த போனில் இணையப் பக்கம் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே காரணத்தைச் சொன்னார். அந்த அரங்கத்துக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன! தயவுசெய்து அணைத்துவிடுங்கள் என்று பார்வையாளர்களிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் நிகழ்ச்சி தொடர்ந்தது.

அங்கே சிக்னலுக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. தேவைக்கு மேலேயே இருந்தது. காற்றில் கியூ நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பெரிய ஆபீஸ் ஒன்றுக்கு வயர்லெஸ் கருவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் எடுக்கும்?" என்பது. இரண்டாவது கேள்வி, "என்ன விலை?" இரண்டுமே அரைக் கேள்விகள்தான். முழுக் கேள்வி, "ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசப் போகிறார்கள், அவர்களை யார் வரிசைப்படுத்துவது?" என்பது. இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஐம்பது வருடக் கதையில் நம்ம ஊர் ஆட்களுக்கும் நல்ல பங்கு இருக்கிறது.

ஹவாயில் ஆரம்பித்தது

1971. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிளைகள் தனித்தனித் தீவுகளில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே பெரிய கணினியோடு இணைக்க வேண்டும். நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரின் குழு ரேடியோ வழியாக இணைத்துவிட்டது. அதன் பெயர் அலோஹாநெட்.

அதில் வரிசையே கிடையாது. யாருக்குச் செய்தி இருக்கிறதோ அவர் உடனே அனுப்பிவிட வேண்டியதுதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு செய்தியும் மோதிக் கெட்டுவிடும். பதில் வரவில்லை என்று தெரிந்ததும் ஆளாளுக்கு இஷ்டப்பட்ட நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் பயன்படும். எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து, குறிப்பிட்ட விநாடித் துளிகளில் மட்டும் அனுப்ப ஆரம்பித்தால் அது அப்படியே இரண்டு மடங்காகி 36.8 சதவீதம் ஆகிவிடும். கருவி அதேதான், மாறியது ஒழுங்கு மட்டும்தான். இந்தப் பாடம் பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

கல்லாப்பெட்டி பெற்றெடுத்த வைஃபை

1985ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைப் பகுதிகளை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் இடம் அது. யாருக்கும் வேண்டாத புறம்போக்கு நிலம் மாதிரி!

இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் என்.சி.ஆர். நிறுவனம். கல்லாப்பெட்டி இயந்திரம் செய்கிறவர்கள். பெரிய கடைகளில் அலமாரிகளை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லாப்பெட்டிகளுக்குத் திரும்பவும் வயர் இழுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவை ஒழிக்கத்தான் கம்பியில்லாத இணைப்பைத் தேடினார்கள். அந்த நிறுவனத்தின் நெதர்லாந்துப் பிரிவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் 1990ல் தொடங்கிய 802.11 தரநிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1997ல் முதல் தரநிலை வந்தது. வேகம் விநாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். 1999ல் 802.11பி வந்து 11 மெகாபிட் ஆனது. வைஃபை என்ற பெயரும் அப்போதுதான் சூட்டப்பட்டது.

வைஃபையின் விதி அலோஹாவை விடக் கொஞ்சம் நாகரிகமானது. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறு. அவர் முடித்ததும் சற்று நேரம் விட்டுப் பேசு. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு இது அருமையான விதி. நூறு பேர் இருக்கும் ஹாலுக்கு? எல்லோரும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2003ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் சிலர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை 11 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 1.1 மில்லி விநாடி போதும். தூரத்தில் உட்கார்ந்து 1 மெகாபிட் வேகத்தில் இயங்கும் கணினிக்கு அதே பொட்டலத்துக்கு 12 மில்லி விநாடி வேண்டும். வைஃபை எல்லோருக்கும் சமமாக முறை தருகிறது, சமமாக நேரம் தருவதில்லை. அதனால் மெதுவான ஒரே ஒரு கணினி அத்தனை பேரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். கேட்டில் பேப்பர் சரியில்லாத ஒரு லாரி நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை லாரியும் நிற்கிறதே, அதே கதைதான்.

"ஒரே பெரிய ரவுட்டர், மூன்று மாடிக்கும் எடுக்கும்" என்று விற்பவர்களிடம் ஏன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும். மூன்றாவது மாடியில் எடுக்கும்தான். ஆனால் அந்த மூன்றாவது மாடிக்காரர்தான் பேப்பர் சரியில்லாத லாரி!

சென்னை சொன்ன பதில்

வைஃபை வளர்ந்த அதே காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் வேறொரு முயற்சி நடந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற வயர்லெஸ் அமைப்பை உருவாக்கினார்கள். அவர்கள் தொடங்கிய இடமே வித்தியாசமானது. முதலில் தொழில்நுட்பத்தைப் பார்க்கவில்லை, செலவைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு தொலைபேசி இணைப்பு கொடுக்க ஆன முதலீட்டை வைத்துப் பார்த்தால் கிராமங்களுக்கு அது கட்டுப்படியாகாது. எனவே செலவைப் பெருமளவு குறைத்தால்தான் இந்தியாவில் தொலைபேசி பெருகும் என்று இலக்கு வைத்தார்கள். காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. விலையை முதலில் நிர்ணயித்து, அதற்குள் பொருளைச் செய்வது.

கார்டெக்ட் ஐரோப்பிய டெக்ட் தரநிலையை அடிப்படையாகக் கொண்டது. அதில் 10 மில்லி விநாடி நேரத்தை 24 துண்டுகளாக வெட்டி, இந்தத் துண்டு உனக்கு, அந்தத் துண்டு அவருக்கு என்று பிரித்துவிடுவார்கள். டோக்கன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதலும் இல்லை, காத்திருந்து ஏமாறுவதும் இல்லை. பேச்சும் இணையமும் ஒரே சமயத்தில் நடக்கும். 2001ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டபோது இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆனால் இதன் இணைய வேகம் 35 அல்லது 70 கிலோபிட். படமும் வீடியோவும் அனுப்ப வேண்டும் என்ற தேவை வந்ததும் அது போதவில்லை. வரிசை ஒழுங்காக இருந்தது, கேட் சின்னதாகப் போய்விட்டது.

தேனியில் நடந்தது

அந்தத் தேவை உண்மையாகவே வந்த இடம் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்ணில் கோளாறு உள்ள ஒரு கிராமத்துக்காரர் மருத்துவமனைக்கு வர வேண்டுமென்றால் பஸ் செலவு ஒரு பக்கம், அன்றைய கூலி போவது ஒரு பக்கம், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். கண்ணாடி மட்டும் போதும் என்ற நிலையில் இருப்பவர்கூட இவ்வளவையும் இழக்க வேண்டும். அதனால் பலர் வருவதே இல்லை. இதற்காகத்தான் ஊர்களில் சிறிய பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். நோயாளியும் மருத்துவரும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் மருத்துவமனைக்கு வந்தால் போதும்.

வீடியோ தெளிவாக வர வேண்டும். கிராமங்களில் அதற்கேற்ற பிராட்பேண்ட் இல்லை. இங்கேதான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு உள்ளே வந்தது. 2000களின் நடுவில் தேனி அரவிந்த் மருத்துவமனையை மையமாக வைத்து, சாதாரண வைஃபை கார்டுகளையே எடுத்து, திசை நோக்கிய ஆன்டெனாக்களைக் கோபுரத்தில் மாட்டி, கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்த பார்வை மையங்களை இணைத்தார்கள்.

கருவி மலிவு. ஆனால் வைஃபையின் விதி தூரத்துக்கு ஒத்துவரவில்லை. வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்கு மிகக் குறைந்த நேரமே காத்திருக்கும். ரேடியோ அலைக்கு 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் அனுப்பியவர் பொறுமை இழந்து திரும்ப அனுப்பிவிடுவார். காது கொடுத்துக் கேட்பதும் அங்கே பயனில்லை. எதிர்முனை பேசத் தொடங்கியது இங்கே தாமதமாகத்தான் தெரியும்.

அந்தக் குழு விலை உயர்ந்த கருவிக்குப் போகவில்லை. மென்பொருளில் விதியை மாற்றினார்கள். இந்த நேரம் நீ பேசு, அந்த நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வைத்தார்கள். அதாவது மலிவான வைஃபை கருவிக்குள் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார்கள். 2007ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், வழக்கமான வைஃபையை விட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமான கதை. 2008ல் அவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரை, இப்படி ஒரு வலையமைப்பை உயிரோடு வைத்திருப்பது பற்றியது. நடைமுறையில் அவர்களைப் படாதபாடு படுத்தியது மின்சாரம்! வோல்டேஜ் திடீரென்று ஏறுவதும் இறங்குவதும் அடாப்டர்களைப் பொசுக்கின, மெமரி கார்டுகளைக் கெடுத்தன. கருவி போய்விட்டதா, கரண்ட் போய்விட்டதா, சிக்னல் போய்விட்டதா என்று ஊரில் இருப்பவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வோல்டேஜ் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் சுற்று, தானாகத் திரும்ப எழும் ஏற்பாடு, உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் செய்த பிறகுதான் அது நிலைத்தது. வாங்கிய விலை ஒன்று, ஓட்டுகிற செலவு வேறு என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

பொள்ளாச்சிக்காரர் ஒருவர்

கேட்டைப் பெரிதாக்கிய கதையிலும் ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருக்கிறார். 1944ல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படையில் சோனார் கருவிகளை உருவாக்கியவர். பிறகு ஸ்டான்ஃபோர்டு போனார். சுவரிலும் இரும்பிலும் பட்டுத் தெறிக்கும் ரேடியோ அலைகள் அதுவரை தொந்தரவாகவே பார்க்கப்பட்டன. பல ஆன்டெனாக்களை வைத்தால், அந்த வெவ்வேறு பாதைகளையே வெவ்வேறு தடங்களாகப் பயன்படுத்தி ஒரே அலைவரிசையில் பல தகவல் ஓட்டங்களை அனுப்பலாம் என்று அவர் கண்டார். தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து 1994ல் காப்புரிமை பெற்றார். இதுதான் மைமோ. 2009ல் வந்த 802.11என் தரநிலையிலிருந்து வைஃபையின் அடிப்படையே இதுதான். 2014ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. இன்றைக்கு ரவுட்டர் தலையில் நாலைந்து கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்குக் காரணம் இந்தப் பொள்ளாச்சிக்காரரின் யோசனை.

அதன் பிறகு வந்த ஒரு பெரிய மாற்றம் வைஃபை 6. 2019ல் சான்றிதழ் வழங்கத் தொடங்கி 2021ல் தரநிலையானது. அதில் ஒரு அலைவரிசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டு யாருக்கு என்பதை ஆக்சஸ் பாயிண்ட்டே முடிவு செய்ய முடியும். மேலூரும் தேனியும் ஏற்கெனவே போன வழிக்கு வைஃபையும் வந்து சேர்ந்துவிட்டது.

பூட்டும் சாவியும்

இந்தியாவில் வயர்லெஸ் கருவி வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும் என்று சொன்னது 1933ம் வருடத்துச் சட்டம். 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் கட்டடத்துக்கு வெளியேயும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பு வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி தாராளமாகத் திறக்கப்பட்டது 2018 அக்டோபரில்.

இடையில் ஒரு கசப்பான பாடம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டில் பூட்டு போடாமல் இருந்த வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. வைஃபையின் ஆரம்ப காலப் பூட்டு முறையான வெப் உடைக்கக்கூடியது என்று 2001லேயே தெரிந்துவிட்டது. 2004ல் டபிள்யூபிஏ2வும், 2018ல் டபிள்யூபிஏ3யும் வந்தன. கியூவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத கேட்டை யாராவது திறந்து வைப்பார்களா?

சரி, எதை வாங்குவது?

சடையங்குப்பம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 80 ஊழியர்கள். ஆளுக்கு ஒரு கணினி, ஒரு செல்பேசி. ஆக 160. கேட்டிலும் யார்டிலும் கன்டெய்னர் எண்களைப் பதிய 10 கையடக்கக் கருவிகள். 20 கேமரா, 5 பிரிண்டர். மொத்தம் 195.

முதல் வேலை, எதை வயர்லெஸ்சில் சேர்க்கக் கூடாது என்று பார்ப்பது. கேமராவும் பிரிண்டரும் நகரப் போவதில்லை. மேசையை விட்டு நகராத 50 கணினிகளும் அப்படித்தான். இவை 75க்கும் வயர் இழுத்துவிட்டால் காற்றில் நிற்பவை 120 ஆகக் குறையும். வயர்லெஸ் நன்றாக ஓட நல்ல வழி வயர்தான், வேடிக்கையாக இருந்தாலும் அதுதான் உண்மை!

இரண்டாவது, ஒரு பெரிய கருவிக்குப் பதில் பல சின்னக் கருவிகள். ஒரு ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு 30 கருவிகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 4 வேண்டும். எல்லாவற்றின் சக்தியையும் முழுசாக ஏற்றிவிட்டால் ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழுந்து எல்லாமே பொறுத்துக்கொண்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று உரசாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அதனால் வேலையின் பெரும்பகுதியை 5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றிவிட்டு, சக்தியைக் குறைத்து வைக்க வேண்டும். எல்லா ஆக்சஸ் பாயிண்ட்டையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதி இதற்காகத்தான்.

மூன்றாவது, யார்டு. இரும்புப் பெட்டி அலையைத் தெறிக்க வைக்கும் என்பது சரி, ஆனால் அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால் நிழலும் விழும். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கையடக்கக் கருவியோடு நின்றால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்வார்கள். இன்று காலியாக இருக்கும் இடத்தில் அளந்துவிட்டு, நாளைக்கு அங்கே நாலு அடுக்குப் பெட்டி வந்தால் கணக்கு தப்பிவிடும். யார்டு நிரம்பியிருக்கும் நாளில்தான் அளக்க வேண்டும்.

நான்காவது, தேனியின் பாடம். 2003ல் வந்த தரநிலைப்படி ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை நெட்வொர்க் கேபிளிலேயே அனுப்பலாம். அப்படிச் செய்தால் ஒரே யு.பி.எஸ். எல்லாவற்றையும் காப்பாற்றும். அந்த யு.பி.எஸ்.சைத் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, சடையங்குப்பம் பகுதிகளில் வெள்ளம் எப்படிப் புகுந்தது என்பதை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடற்கரை உப்புக்காற்றில் வெளியே மாட்டும் கருவிக்கு அதற்கேற்ற உறை வேண்டும். இதெல்லாம் கொட்டேஷனில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஐந்து வருடச் செலவைக் கூட்டிப் பார்த்தால் முதல் வரிக்கு வந்துவிடும்.

கேட்டில் இருக்கும் கையடக்கக் கருவி அரை நிமிடம் திணறினால் ஏசி அறையில் இருப்பவருக்கு அது சின்ன எரிச்சல். வெளியே டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அப்படி இல்லை. அவருக்கு டிரிப் கணக்கில்தான் பேட்டா. முன்னால் 40 வண்டி நின்றால் அந்த அரை நிமிடம் 20 நிமிடமாகிறது. அன்றைக்கு ஒரு டிரிப் குறைந்தால் அது அவர் வீட்டில் குறைகிறது. காற்றில் இருக்கும் கியூவைச் சரியாகக் கணக்குப் போடாதவர்கள், அதை ரோட்டில் இருக்கும் கியூவோடு சேர்த்துவிடுகிறார்கள். கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் அந்த 40 வண்டிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.